ஒடுகத்தூர் வீட்டு டிவி: குடையும் இருக்கணும், ஸ்டிக்கும் ஓடணும். எப்படி மாட்டுறது?

ஒடுகத்தூரான்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ராணிப்பேட்டை சிப்காட்ல வேலை பாக்கிறேன். அப்பா அம்மா ஒடுகத்தூர் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்துல இருக்காங்க. கழனி, ரெண்டு மாடு, ஓட்டு வீட்டை ஒட்டிக் கட்டின ஒரு தளம் போட்ட ரூம். அந்த ரூம்லதான் டிவி. 32 இஞ்ச் எல்இடி, ஸ்மார்ட் கிடையாது. பின்னாடி எச்டிஎம்ஐ ஒண்ணே ஒண்ணுதான். மஞ்சள், வெள்ளை, சிவப்புன்னு ஏவி ஒரு செட், ஆன்டெனா ஒயர் குத்துற ஓட்டை ஒண்ணு. மாடியில டிடி ஃப்ரீ டிஷ் குடை. அதோட பாக்ஸ்தான் இப்ப எச்டிஎம்ஐயில இருக்கு.

அப்பா மாடு கறந்துட்டு வந்து உக்காந்ததும் டிடி தமிழ் போடுவாரு. செய்தி, விவசாய நிகழ்ச்சி ரெண்டும் ஆகணும். கிரிக்கெட் இருந்தா அன்னிக்கு கழனி வேலை சீக்கிரம் முடிஞ்சிடும். அவருக்கு இன்னொரு பைத்தியம் கூத்து. நம்ம பக்கம் அக்னி வசந்த விழாவுல ஆடுறதை இப்ப நிறைய பேர் விடிய விடிய எடுத்து யூடியூப்ல போட்டுடறாங்க. கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் எல்லாம் முழுசா கிடைக்குது. அதை உள்ளங்கை அளவு போன்ல, கண்ணு கிட்ட வெச்சு பாக்கிறாரு. அம்மாவுக்கு பொறந்த ஊர் காங்கேயநல்லூர். சின்ன வயசுல வாரியார் சுவாமிகள் பேசினதை நேர்லயே கேட்டவங்க. அந்தச் சொற்பொழிவுகளும் போன்லதான்.

தெருவுக்கு ஃபைபர் நெட் வந்துடுச்சு. அதனால ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் (எச்டிஎம்ஐயில குத்தினா நெட் வழியா யூடியூப் எல்லாம் டிவியில காட்டுறது) வாங்கி மாட்டலாம்னு இருக்கேன். பெங்களூருல இருக்கிற அண்ணன், ஸ்டிக் வந்துட்டா குடையைக் கழட்டிடு, இனிமே அது எதுக்குங்கிறாரு. அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, காத்தடிச்சா படம் கட்டம் கட்டமா உடையுது. குடையை பழைய ஆன்டெனா பைப்லயே கட்டி வெச்சிருக்கோம். அந்த ஆன்டெனா இன்னும் உச்சியில நிக்குது, அப்பா கழட்ட விட மாட்டேங்கிறாரு. அந்தக் காலத்துல எங்க தெருவுக்கே அது ஒண்ணுதான்.

எனக்கு குடையை எடுக்க மனசு வரல. ரெண்டையும் ஒரே டிவியில வெச்சா அவங்க குழம்பாம பாக்க முடியுமா? அந்த ஆன்டெனாவுல இப்ப ஏதாவது வருமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆம்பூர் 635802:

உங்க அண்ணன் கட்சிதான் நானும். தூர்தர்ஷன் சேனல்களே வேவ்ஸ் ஆப்ல லைவா வருது, 2024 நவம்பர்ல தூர்தர்ஷனை நடத்துற பிரசார் பாரதியே விட்டது. விஜய் சீரியல் ஜியோஹாட்ஸ்டார்ல, சன் சீரியல் சன் நெக்ஸ்ட்ல. எங்க வீட்ல கேபிளை நிறுத்தியாச்சு, ஒரு குறையும் இல்ல. ரெண்டு ரிமோட், ரெண்டு பாக்ஸ்னு வயசானவங்களைச் சுத்த விடாதீங்க. ஒண்ணு போதும்.

குடியாத்தம் மெக்கானிக்:

ஆம்பூர் தம்பி டவுன்ல இருக்காரு, அவருக்கு அது சரி. மலை அடிவாரத்துல இருக்கிற வீட்டுக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது. குடையைக் கழட்டாதீங்க.

காரணம் சொல்றேன். குடைக்கு சிக்னல் மேல இருந்து நேரா உங்க மாடிக்கு வருது. நடுவுல ஒரு கம்பம் கிடையாது, ஒரு ஒயர் கிடையாது. ஃபைபர் அப்படி இல்ல, கம்பத்துக்கு கம்பம் தொங்கிக்கிட்டு வருது. புளியங்கிளை முறிஞ்சு விழுந்தாலும் போச்சு, ரோடு தோண்டினாலும் போச்சு. கரண்ட் போனா உங்க வீட்டு இன்வெர்ட்டர் மட்டும் ஓடினா பத்தாது, நெட்காரர் வெச்சிருக்கிற மெஷினுக்கும் கரண்ட் இருக்கணும். குடைக்கு உங்க டிவியும் பாக்ஸும் ஓடினா முடிஞ்சது. குடைக்குன்னு ஒரு குறை இருக்கு: ஐப்பசி கார்த்திகையில பேய் மழை கொட்டுறப்ப சிக்னல் கொஞ்ச நேரம் போயிடும். குடைக்கு வர்ற கேயு பேண்டு அலை கனத்த மழையில கரைஞ்சிடும், அதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. அந்த நேரத்துக்கு ஸ்டிக் இருக்கு. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு நிக்கும். ரெண்டையும் வெச்சுக்கச் சொல்றது இதுக்குத்தான்.

அப்பாவுக்கு கிரிக்கெட்னு சொன்னீங்க. இதை எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் கேக்கிறாங்க, அதனால விளக்கமாவே சொல்றேன். 2007ல ஒரு சட்டம் வந்தது. முக்கியமான போட்டிகளோட ஒளிபரப்பை தனியார் சேனல், பிரசார் பாரதியோட பகிர்ந்துக்கணும்னு அது சொல்லுது. இந்திய ஆடவர் அணி ஆடுற ஒருநாள், டி20 எல்லாம் அந்தப் பட்டியல்ல வருது. 2017ல உச்ச நீதிமன்றம், அப்படிப் பகிர்ந்துக்கிற ஒளிபரப்பை தூர்தர்ஷன் தன்னோட தரைவழி (ஆன்டெனா) ஒளிபரப்புலயும் தன்னோட டிடிஎச்லயும் மட்டும்தான் காட்டலாம்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. அதனாலதான் கேபிள்ல வர்ற தூர்தர்ஷன் சேனல்ல அந்த மேட்ச் ஓடாது, ஃப்ரீ டிஷ் குடையில ஓடும். மாசக் காசு இல்லாம மேட்ச் பாக்க உங்க அப்பாவுக்கு இருக்கிற நேர் வழி அந்தக் குடைதான். அதைக் கழட்டிட்டு, மேட்சுக்குன்னு ஒரு ஆப்புக்கு சந்தா கட்டுறது எனக்கு ஒப்பல. இன்னொண்ணு, ஸ்டிக்ல வர்ற லைவ் எப்பவும் கொஞ்சம் பின்னாடிதான் ஓடும். பக்கத்து வீட்ல குடையில பாத்துட்டு விக்கெட்னு கத்துவான், உங்க டிவியில அப்பதான் பௌலர் ஓட ஆரம்பிப்பான்.

ஆன்டெனா விஷயத்துக்கு வர்றேன். அதுல இப்ப ஒண்ணும் வராது. மெட்ராஸ் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15ல ஆரம்பிச்சது. அதைப் பிடிக்க நம்ம பக்கம் பைப்பை உசரமா ஏத்தி, பூஸ்டர் போட்டு, நேர் கிழக்கே திருப்பி நிறுத்துவோம். படத்துல புள்ளி தெரியாம இருந்தா அன்னிக்கு எனக்கு சாப்பாடே அந்த வீட்லதான். இப்ப அந்த அனலாக் ஒளிபரப்பை நாடு முழுக்க படிப்படியா நிறுத்திட்டாங்க. 2022க்குள்ள எல்லைப் பகுதி மாதிரி சில இடம் தவிர எல்லாம் மூடியாச்சு. சென்னையில 2016ல டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு தொடங்கினாங்க, டிவிபி-டி2ன்னு பேரு. வேலூர் அங்கிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டர், அவ்வளவு தூரத்துக்கு அது எட்டாது. ஒடுகத்தூர் இன்னும் உள்ளே. அதனால டிவி பின்னாடி இருக்கிற ஆன்டெனா ஓட்டையை மறந்துடுங்க.

காத்துல படம் உடையுதுன்னீங்களே, அதுக்குக் காரணம் அந்தப் பைப்தான். ஆன்டெனா ஆடினா படம் லேசா ஆடும், அவ்வளவுதான். குடை ரெண்டு டிகிரி ஆடினாலே சிக்னல் அறுந்து போகும். இருபது அடி பைப் உச்சியில குடை கட்டக் கூடாது. குடைக்கு உசரம் தேவையே இல்ல. ஃப்ரீ டிஷ் வர்ற ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்கே 93.5 டிகிரியில இருக்கு. நம்ம பக்கத்துல இருந்து பாத்தா அது அக்னி மூலையில, தரையில இருந்து ஏறக்குறைய 67 டிகிரி மேல தெரியும். நடுப்பகல் சூரியன் மாதிரி தலைக்கு மேல. ஜவ்வாது மலை மறைக்காது, எதிர் மாடி மறைக்காது. தென்னை மட்டை ஒண்ணுதான் மறைக்கும், அந்தத் திசையில மரம் இருந்தா பாத்துக்குங்க. குடையை இறக்கி, தளத்துல நாலு போல்ட் அடிச்சு முட்டிக்கால் உசரத்துல வெச்சுடுங்க. குடை சாய்ஞ்சு நிக்கிறதைப் பாத்து, இது 67 டிகிரி இல்லையேன்னு யாரும் நிமித்திடக் கூடாது. ஆஃப்செட் குடை அப்படித்தான், அது காட்டுற முகத்தை விட மேல இருந்து வாங்கும்.

ஒயர் பழைய பட்டை ஒயரா இருந்தா ஆகாது, ஆர்ஜி6 கோஆக்சியல் போடுங்க. குடைக்கு முன்னாடி சிக்னலை வாங்குற எல்என்பியில திருகுற கனெக்டர் எல்லாம் துரு ஏறியிருக்கும், புதுசு மாத்துங்க. ஒயர் வீட்டுக்குள்ள நுழையற இடத்துல கீழ ஒரு வளைவு விட்டு மேல ஏத்துங்க. தண்ணி அந்த வளைவுல சொட்டிடும், பாக்ஸுக்குள்ள இறங்காது.

இனி உள் வேலை. ஒரே எச்டிஎம்ஐதான் இருக்குங்கிறதால அதை ஸ்டிக்குக்கு விட்டுடுங்க, குடை பாக்ஸை ஏவியில மாட்டுங்க. ஃப்ரீ டிஷ்ல பெரும்பாலான சேனல் எஸ்டிதான் (எச்டி இல்லாத சாதா தரம்), ஏவியில போட்டா கண்ணுக்குப் பெரிசா வித்தியாசம் தெரியாது. பாக்ஸ் செட்டிங்ல 16:9ன்னு வெச்சுடுங்க, இல்லன்னா செய்தி வாசிக்கிறவங்க முகம் சரியான அளவுல தெரியாது. எச்டிஎம்ஐயே ரெண்டுக்கும் வேணும்னா ஒரு சுவிட்ச் வாங்கலாம். ஆனா கடையில ஸ்ப்ளிட்டர்னு கேக்காதீங்க. ஸ்ப்ளிட்டர் ஒரு பாக்ஸை ரெண்டு டிவிக்குப் பிரிக்கும், உங்களுக்கு வேண்டியது ரெண்டு பாக்ஸை ஒரு டிவிக்குக் கொண்டு வர்றது.

ஸ்டிக்குக்கு கரண்ட், கூட வந்த அடாப்டர்ல இருந்துதான் கொடுக்கணும். டிவி பின்னாடி இருக்கிற யுஎஸ்பி பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் தரும், ஸ்டிக்குக்கு ஒரு ஆம்பியர் வேணும். யுஎஸ்பியில போட்டா நடுவுல அணைஞ்சு அணைஞ்சு எரியும், ஸ்டிக் கெட்டுப் போச்சுன்னு தூக்கிட்டு வருவாங்க. ஸ்டிக் கூட ஒரு குட்டி எச்டிஎம்ஐ ஒயர் வந்தா அதையும் போட்டு, ஸ்டிக்கை டிவி முதுகுல இருந்து கொஞ்சம் வெளியே தொங்க விடுங்க. வைஃபை நல்லா எடுக்கும், சூடும் கம்மி.

ஆம்பூர் 635802:

மேட்ச் விஷயம் எனக்கு இதுவரைக்கும் தெரியாதுங்க அண்ணா. கேபிள்ல ஏன் வராம இருந்ததுன்னு இப்பதான் புரியுது. கிரிக்கெட் பாக்கிற வீடுன்னா குடை இருக்கட்டும். ஆனா ரிமோட் குழப்பம்னு நான் சொன்னதுல மாத்தம் இல்ல.

ஒடுகத்தூரான்:

மெக்கானிக் அண்ணா, இவ்வளவு பொறுமையா எழுதினதுக்கு ரொம்ப நன்றி. பைப்தான் காரணம்னு யாருமே இதுவரைக்கும் சொல்லல. எல்என்பியை மாத்து, பாக்ஸை மாத்துன்னுதான் சொன்னாங்க.

ஆம்பூர் நண்பர் சொல்ற ரிமோட் பயம் எனக்கும் இருக்கு. அம்மா ஸ்டிக்ல பாத்துட்டு அணைச்சுட்டா, காலையில அப்பா போட்டதும் ஸ்டிக் ஸ்கிரீன்தான் வரும். அவர் எப்படி டிடி தமிழுக்குத் திரும்புவாரு? எனக்குப் போன் பண்ணுவாரு, நான் அந்நேரம் ஷிப்ட்ல இருப்பேன்.

ஆரணிக்காரி:

தம்பி, எங்க மாமனார் மாமியார் வீட்ல இதே ஏற்பாடுதான் ஓடுது. மாமனாருக்கு கண்ணுல புரை எடுத்திருக்கு, சின்ன எழுத்து தெரியாது. அதனால நான் செஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல எச்டிஎம்ஐ சிஇசின்னு ஒண்ணு இருக்கு, எச்டிஎம்ஐயில மாட்டின பொருள் டிவியைத் தானா மாத்திவிடுற வசதி, அதைக் கவனிங்க. ஸ்டிக் ரிமோட்ல ஹோம் பட்டனை யாராவது தெரியாம அமுக்கினா கூட டிவி தானா ஸ்டிக்குக்குத் தாவிடும். குடை பாக்ஸ் ஏவியில இருக்கிறதால அது தானா திரும்பி வராது. பெரியவங்க பயந்து போறது இந்த இடத்துலதான். ஏதோ பண்ணிட்டோம், டிவி கெட்டுப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டு அன்னிக்கு முழுக்க டிவியே போட மாட்டாங்க. ஸ்டிக் செட்டிங்லயோ டிவி செட்டிங்லயோ அதை அணைச்சுடலாம். டிவியில சிஇசின்னே பேர் இருக்காது. சாம்சங்ல எனிநெட் பிளஸ், எல்ஜியில சிம்ப்லிங்க், சோனியில பிராவியா சிங்க். அணைச்சுட்டா டிவி நம்ம சொல்ற இடத்துல நிக்கும்.

அடுத்தது சோர்ஸ் பட்டன். டிவி ரிமோட்ல அது ஒண்ணுக்கு மட்டும் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வெச்சேன். அது கையில தடவினாலும் மேடா தெரியும். சிவப்பை அமுக்கு, கீழ இறங்கு, ஓகே. மாமனாருக்கு இது போதும். நிறைய டிவி கடைசியா பாத்த இடத்துலயேதான் திரும்பத் திறக்கும். உங்க அம்மாகிட்ட, பாத்து முடிச்சதும் சிவப்பை அமுக்கி குடைக்குக் கொண்டு வந்துட்டு அணைங்கன்னு சொல்லிக் கொடுங்க. பெரியவங்களுக்கு ஒரு ஒழுங்கு பிடிச்சுட்டா நம்மளை விட நல்லா கடைப்பிடிப்பாங்க. எங்க மாமியார் விளக்கணைக்கிற மாதிரி அதைச் செய்யறாங்க.

ரிமோட் மூணு ஆகும், அதுல ஆம்பூர் தம்பி சொல்றது சரி. அதனால ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம் வெச்சேன். குடை ரிமோட் மாமனார் நாற்காலி பக்கம், ஸ்டிக் ரிமோட் மாமியார் பூஜை மாடத்துக்குப் பக்கம், டிவி ரிமோட் ஸ்டாண்டுல. அவரவர் ரிமோட் அவரவர்கிட்ட இருக்கிறதுல ஒரு மரியாதையும் இருக்கு தம்பி. அவங்க நேரத்துக்கு அவங்க இஷ்டப்பட்டதைப் பாக்கிறாங்க, பேரப்பிள்ளைங்க கையை எதிர்பாக்கிறதில்ல.

கூத்துக்கு ஒரு வழி சொல்றேன், இது எனக்கே ரொம்பப் பிடிச்சது. டிவி யூடியூப்ல செட்டிங் உள்ள டிவி கோடுன்னு ஒரு நம்பர் தரும். அதை உங்க போன் யூடியூப்ல ஒரு தடவை போட்டு இணைச்சுட்டா, ராணிப்பேட்டையில இருந்தே நீங்க தேடி எடுத்த கூத்தை ஒடுகத்தூர் டிவிக்கு அனுப்பலாம். ஒரே வைஃபைல இருக்கணும்னு இல்ல, அங்க டிவியில ஸ்டிக்கோட யூடியூப் திறந்து இருந்தா போதும். இன்னும் சுலபம் வேணும்னா அப்பா அம்மாவுக்குன்னு தனியா ஒரு கணக்கு திறந்து, அதுல பிளேலிஸ்ட் ரெண்டு போடுங்க. ஒண்ணு கூத்து, ஒண்ணு வாரியார் சுவாமிகள். நீங்க சேக்கச் சேக்க அங்க தெரியும். ஆட்டோபிளேவை அணைச்சுடுங்க. அவங்க பாட்டுக்குத் தூங்கிடுவாங்க, அது பாட்டுக்குச் சம்பந்தமில்லாததை எல்லாம் ஓட்டிக்கிட்டு இருக்கும். ஸ்டிக்ல காசு போற விஷயம் எல்லாத்துக்கும் பின் நம்பர் போட்டுப் பூட்டுங்க.

ஒடுகத்தூரான்:

அக்கா, டிவி கோடு விஷயம் கேட்டு மனசே நிறைஞ்சு போச்சு. மூணாவது ஷிப்ட்ல டீ குடிக்கிற நேரத்துல நான் இங்க இருந்து அப்பாவுக்கு கூத்து போட்டு விட முடியுமா! இதுக்காகவே வாங்கணும்.

கடைசியா ரெண்டு சந்தேகம். ஃபைபர் படுத்த நாள்ல என் போன் ஹாட்ஸ்பாட்டுல ஒரு முழு ராத்திரி கூத்து தாங்குமா? அப்புறம் அந்த ஆன்டெனா பைப். குடையை இறக்கிட்டா, அதை என்ன பண்றது?

ஆரணிக்காரி:

முழு எச்டியில ஓட்டினா மணிக்கு ரெண்டு ஜிபி பக்கம் போயிடும் தம்பி. படத் தரத்தைக் குறைச்சு 480ல வெச்சா அரை ஜிபி சொச்சம். ஒரு நாளைக்கு ரெண்டு ஜிபி பிளான்ல விடிய விடிய தாங்காது, மூணு மணி நேரம் பாக்கலாம். கட்டியங்காரன் வந்து ராஜா வேஷம் திரை வாங்கி நிக்கிற வரைக்கும் வந்துடும். மீதி மறுநாள். ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸ்ல வைங்க, அதுதான் சுவர் தாண்டி வரும்.

குடியாத்தம் மெக்கானிக்:

ஆரணி அம்மா சொன்ன சிஇசி விஷயத்தை நான் எழுதாம விட்டேன், அது முக்கியமானது.

பைப்பைப் பத்தி: அப்பாவுக்குப் பிடிக்கலன்னா வெட்டாதீங்க. ஊர்ல முதல் ஆன்டெனா வெச்ச வீடுன்னா அது சாதாரண விஷயம் இல்ல, வெள்ளிக்கிழமை பாட்டுக்கும் ஞாயித்துக்கிழமை படத்துக்கும் தெருவே வந்து அந்தத் தாழ்வாரத்துல உக்காந்திருக்கும். நிக்கட்டும். ஆனா அடியில துரு எவ்வளவு இருக்குன்னு சுத்தியல்ல தட்டிப் பாருங்க. சத்தம் மொத்தையா வந்தா உள்ள அரிச்சிருக்கு, அப்ப பாதி உசரத்துக்கு இறக்கி ஸ்டே கம்பியைப் புதுசா இழுத்துக் கட்டணும். ஆன்டெனாவுல இருந்து வீட்டுக்குள்ள வர்ற பழைய ஒயரை மட்டும் கண்டிப்பா எடுத்துடுங்க. இடி இறங்கினா அது நேரா டிவிக்கு வழி காட்டும். பைப்புக்கு ஒரு எர்த் கம்பி இழுத்து மண்ணுல இறக்குங்க.

குடையை தளத்துக்கு மாத்துறதை ஆவணிக்குள்ள முடிச்சுடுங்க தம்பி. போல்ட் அடிச்ச இடத்துல சிமென்ட் பூசி காயணும், அப்பதான் ஐப்பசி மழையில ரூமுக்குள்ள ஒழுகாது. சிக்னல் மீட்டர் உள்ள ஆளை உங்க ஊர்லயே பிடிங்க. பாக்ஸ் ஸ்கிரீன்ல தரம்னு காட்டுற பட்டை அறுபதைத் தாண்டினப்புறம்தான் நட்டை இறுக்கச் சொல்லுங்க.